இறந்தகாலப் பாடம்

சிங்களம் படிக்கப் போவதாக ஜெயரூபி சொன்ன அன்று தங்கை சுகந்தினி சிரிக்கவில்லை. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். நாற்பத்தாறு வயது, பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, கண்ணாடி போடாவிட்டால் அரிசியில் கல் தெரியாது. சுகந்தினி மட்டும் வெங்காயம் உரித்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனக்கா? நான் இருக்கிறன்தானே."

"நீ இருக்கிறாய். எண்டாலும் எனக்கெண்டு நாலு சொல் தெரிஞ்சிருந்தால் நல்லதெல்லே."

"குசினிக்குள்ள நிக்கிற உங்களுக்கு என்னத்துக்குச் சிங்களம்? கறிச்சட்டியோடயே கதைக்கப் போறியள்?"

ஜெயரூபிதான் சிரித்தாள். தங்கை பகிடி விடுகிறாள் என்று நினைத்தாள்.

மாங்குளம் சந்தி தாண்டி வடக்கே போகும் வழியில், பெருந்தெருவோடு ஒட்டி இருந்தது அவர்களுடைய சாப்பாட்டுக்கடை. ஜெயரூபியின் கணவர் தங்கராசா சிறுநீரக வருத்தத்தில் கிடந்து போய்ச் சேர்ந்த பிறகு, அக்காவைத் தனியே விடக்கூடாது என்று கம்பஹாப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த சுகந்தினி ஊருக்குத் திரும்பி வந்தாள். வந்தவள் கையோடு கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் தண்ணீர்பட்ட பாடான சிங்களமும். நயினாதீவு விகாரைக்குத் தெற்கிலிருந்து யாத்திரை வருகிற வான்களும் பஸ்களும் வீட்டு வாசலால் ஓடுவதைப் பார்த்து, கடை போடலாம் என்று சொன்னதும் அவள்தான். தமிழிலும் சிங்களத்திலும் பலகை எழுதி வைத்தாள். அக்கா சமைப்பது, தங்கை முன்னுக்கு நின்று பரிமாறிக் கதைப்பது என்று ஆயிற்று.

கடை எடுபட்டது. கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் பாற்சொதியும் தெற்கத்தி ஆட்களுக்குப் பிடித்துப்போயின. சாப்பிட்டுக் கை கழுவிய பெண்கள் குசினி வாசலுக்கு வந்து ஜெயரூபியைப் பார்ப்பார்கள். சிலர் "பவ், பவ்" என்று சொல்லி அவளுடைய தோளைத் தொடுவார்கள். பாவம் என்கிறார்கள் என்பது பாடம் படிக்காமலே விளங்கியது. அடுப்புச் சூட்டில் நிற்கிறேன் என்று இரங்குகிறார்களாக்கும், நல்ல சனங்கள், என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சனங்களில் ஒருத்திதான் யசவதி.

கல்கமுவப் பக்கத்து மனுசி. அறுபது வயதைத் தாண்டியவர். ஊர்க்காரர் ஒருவருடைய வானில் வருசத்தில் இரண்டு மூன்று தடவை நயினாதீவுக்குப் போவார். முதல்தரம் வந்தபோது, குசினி வாசலில் நின்று ஜெயரூபியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, மாவும் எண்ணெயும் ஒட்டியிருந்த அவளுடைய இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொன்னார். சுகந்தினி பின்னால் நின்று தமிழில் சொன்னாள்:

"இவாவின்ர மகனும் செத்துப்போனானாம் அக்கா. ஆமியில இருந்தவனாம். கிளிநொச்சிப் பக்கம்தான் நடந்ததாம். பிள்ளையைக் குடுத்த தாய்மார் எல்லாரும் ஒண்டுதான் எண்டு சொல்லுறா."

ஆமிக்காரனின் தாய் என்றதும் ஜெயரூபியின் கை ஒருகணம் பின்னால் இழுபட்டது உண்மை. ஆனால் அந்தக் கை வயல் வேலை செய்து காய்த்த கை. அதிலே வஞ்சகம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் பிடியை விடவில்லை. அன்றைக்கு, எத்தனையோ வருசமாக வெளி ஆட்களிடம் சொல்லாத கதையை அந்த மனுசியிடம் சொன்னாள்.

சண்டையின் கடைசி மாதங்களில் இரணைப்பாலையில், பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்தபோது விழுந்த ஷெல்லைச் சொன்னாள். லக்ஷனுக்கு அப்போது ஆறு வயது. தண்ணீர் விடாய்க்கிறது என்று வெளியே தலையை நீட்டியவன். மண்ணைக் கிண்டி எடுத்தபோது சட்டை மட்டும் கசங்காமல் இருந்தது. புதைக்கக்கூட ஒழுங்கான இடம் கிடைக்கவில்லை. சொல்லும்போதே விக்கினாள். விட்டுவிட்டுச் சொன்னாள். சுகந்தினி ஒவ்வொரு துண்டாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். யசவதி தலையில் கை வைத்து அழுதார். தன் சேலைத் தலைப்பால் ஜெயரூபியின் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, ஜெயரூபியின் நெஞ்சையும் தன் நெஞ்சையும் மாறிமாறித் தொட்டு, ஒரே மாதிரியான இரண்டு வசனம் சொன்னார். அதற்குள் "உன்" என்று ஒரு சொல் வந்தது. பாவம், தமிழில் ஒரு சொல் பிடித்துக் கதைக்கப் பார்க்கிறா என்று ஜெயரூபிக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

அதற்குப் பிறகு யசவதி வந்தால் சொந்தக்காரி வந்த மாதிரி. சித்திரைக்குக் கொண்டைப் பணியாரமும் கொக்கிஸும் கட்டிக்கொண்டு வருவார். ஜெயரூபி பனங்கட்டியும் முருங்கைக்காயும் கட்டிக் கொடுத்துவிடுவாள். நயினாதீவில் தன் மகனுக்கு விளக்கேற்றும்போது லக்ஷனுக்கும் ஒன்று ஏற்றுவதாக ஒருமுறை சொன்னார். திரும்பும் வழியில் கடையில் இறங்கி, "லக்ஷன்" என்று பெயரைச் சரியாகச் சொல்லி, விளக்கு எரிகிற மாதிரிக் கையைக் குவித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் ஜெயரூபி முடிவு எடுத்தாள். இந்த மனுசியோடு இடையில் ஆள் இல்லாமல் ஒருநாளாவது கதைக்க வேண்டும்.

நூலகத்தின் பின்மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குச் சிங்கள வகுப்பு நடந்தது. படிப்பித்தவள் ஷமீலா. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய முஸ்லிம் குடும்பம் முல்லைத்தீவிலிருந்து ஒருகாலம் இயக்கத்தால் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டது. அனுராதபுரப் பக்கத்துத் தெருக்களில் விளையாடியே சிங்களம் படித்ததாகச் சொன்னாள். "எனக்கு அழுகை வந்தா தமிழ், சண்டை வந்தா சிங்களம்" என்று முதல்நாளே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். வகுப்பில் ஒரு பஸ் கொண்டக்டர், அரசாங்க வேலைக்குச் சோதனை எடுக்கும் இரண்டு பெட்டைகள், இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர், பிறகு ஜெயரூபி.

படிப்பு இலேசாக இருக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் ஜிலேபி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டு நின்றன. வகுப்பில் விளங்கியது கடைக்குத் திரும்பும் வழியிலேயே சிந்திப்போகும். ஒருநாள் உப்புக் கேட்ட கிழவரிடம் சீனிப் போத்தலைக் கொண்டுபோய் வைத்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. ஆனாலும் விடவில்லை. தேங்காய் துருவும்போது எண்கள் சொன்னாள், அரிசி களையும்போது கிழமைகள் சொன்னாள். சில சொற்கள் தமிழைப் போலவே இருந்தது தெம்பு தந்தது. அக்கா அங்கேயும் அக்காதான், அம்மா அங்கேயும் அம்மாதான். மகனுக்குப் புத்தா. அந்தச் சொல்லை முதல்முதலாக எழுதியபோது கொப்பியைச் சிறிதுநேரம் மூடி வைத்தாள்.

சுகந்தினி உதவி செய்வாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். கேட்டால், "எனக்குப் படிப்பிக்கத் தெரியாதக்கா" என்று நழுவினாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சனம் கூட என்றாள். கால் நோகிறது என்றாள். ஒருமுறை, "இந்த வயசில உங்களுக்குத் தேவையில்லாத வேலை" என்று வெட்டிச் சொன்னாள். முன்னுக்கு நிற்கிற தன் இடம் போய்விடும் என்று பயப்படுகிறாள் போல, என்று நினைத்து ஜெயரூபி அடுத்தநாள் அவளுக்குப் பிடித்த ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்தாள்.

மாரி முடிந்து வயலில் அரிவுவெட்டு நடக்கிற நாட்களில் வகுப்பு இறந்தகாலத்துக்கு வந்தது.

ஷமீலா பலகையில் எழுதினாள். "இதைக் கவனியுங்கோ. தமிழில 'உடைஞ்சது', 'உடைச்சான்' எண்டு சொல்லுவமே, அதுதான். கோப்பை தானா உடைஞ்சா, கெடுணா. ஆராவது உடைச்சா, கெடுவா. ஆக முடிவில வாற சத்தம்தான் வித்தியாசம். 'ணா' எண்டா தானா நடந்தது. 'வா' எண்டா ஆரோ செய்தது."

கொண்டக்டர் எப்போதும் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள். "அப்ப ரீச்சர், ஆள் செத்தா?"

"மெருணா."

"கொலை செய்தா?"

"மெருவா."

"சின்ன ஒரு சத்தத்தில ஆளை உள்ள போட்டிடுவாங்கள் போல" என்று அவர் சொல்ல, வகுப்புச் சிரித்தது. ஜெயரூபியும் சிரிக்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

யசவதி நெஞ்சைத் தொட்டுச் சொன்ன இரண்டு வசனமும் அவளுக்குப் பாடம். விளங்காமலே, பாட்டு மாதிரி, எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்! "ஒயாகெ புத்தாவத் உன் மெருவா. மகெ புத்தாவத் உன் மெருவா." உன்னுடைய மகனும், என்னுடைய மகனும். அவ்வளவு தூரம் இப்போது தெரியும். ஆனால் மனுசி சொன்னது மெருணா இல்லை. மெருவா.

வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஷமீலாவிடம் கேட்டாள். "ரீச்சர், சிங்களத்தில 'உன்' எண்டொரு சொல் இருக்கோ?"

"இருக்கு. மிருகங்களுக்குச் சொல்லுறது, 'அதுகள்' எண்டு. மனிசருக்குச் சொன்னா அது ஏச்சு. எங்களுக்குப் பிடிக்காத ஆக்களைப் பல்லைக் கடிச்சுக்கொண்டு 'அவங்கள்' எண்டு சொல்லுவமே, அப்பிடி. ஏனக்கா, ஆரும் ஏசினதோ?"

"இல்லை, இல்லை. கடையில ஒரு ஆள் சொல்லக் கேட்டனான்."

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தாள். உன் மகனையும் அவங்கள் கொன்றாங்கள், என் மகனையும் அவங்கள் கொன்றாங்கள். ஒரு ஆமிக்காரனின் தாய்க்கு 'அவங்கள்' என்றால் இயக்கம்தான், அது தெரிந்தது. ஆனால் லக்ஷனை? நான் சொன்னது ஷெல் அல்லவா. மனுசிக்குச் சரியாக விளங்கவில்லை போல. அழுகைக்குள் பிழையாகக் கேட்டிருப்பா. சுகந்தினி சொன்னது கேட்டிருக்காது. இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்து, கடை வாசலுக்கு வரும்போது மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

அந்தச் சமாதானம் கன நாள் நிலைக்கவில்லை. குருநாகலிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. வந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள். ஜெயரூபி அப்பளம் பொரித்து முடித்து அடுப்பை அணைத்தாள். எண்ணெய்ச் சத்தம் அடங்கியதும் முன்பக்கத்துக் கதை தெளிவாகக் கேட்டது. ஒரு பெண் குரல், அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டது. அந்தக் கேள்வி அவளுக்கு முழுக்க விளங்கியது. விளங்கிய சந்தோசத்தில், தானே வெளியே போய்ப் பதில் சொல்லலாமா என்றுகூட ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் சுகந்தினி தொடங்கிவிட்டாள். பழகிய கதை போல, தடங்காமல் வந்தது.

அக்காவின் புத்தா. ஆறு வயது. தண்ணீரைக் கடந்து வரும்போது. ஆமியிடம் வர ஓடும்போது. உன் வெடி வைத்து மெருவா.

வெடி என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்று. அவங்கள் சுட்டுக் கொன்றாங்கள் என்பதற்குப் பாடம் தேவைப்படவில்லை.

"அனே, பவ்" என்று பல குரல் ஒன்றாக எழுந்தது. கதிரைகள் இழுபட்டன. வழக்கம்போல இரண்டு பெண்கள் குசினி வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி கையை நீட்டினாள். ஜெயரூபி அப்பளத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே போய்விட்டாள்.

பஸ் போகும்வரை கிணற்றடியில் நின்றாள். பிறகு வந்து, மேசை துடைத்துக்கொண்டிருந்த சுகந்தினியின் கையிலிருந்து துணியைப் பறித்தாள்.

"என்ர பிள்ளையை ஆரடி வெடி வச்சது?"

சுகந்தினி மறுக்கவில்லை. கதிரையில் இருந்தாள். இந்த நாள் வரும் என்று வகுப்பு தொடங்கிய அன்றிலிருந்தே காத்திருந்தவள் போல இருந்தாள்.

"அப்பிடித்தான் சொல்லுறனான், ஓம்."

"எவ்வளவு காலமா?"

"கடை துவங்கின நாளில இருந்து. அதுக்கு முன்னமும்."

"ஏன்?"

"வேற என்னத்தைச் சொல்ல? உங்கட ஆமி அடிச்ச ஷெல்லில செத்த பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே எண்டு கேக்கிறதோ? இஞ்ச சாப்பிட வாறவையில ஆர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியுமே? நாளைக்கு விசாரணை எண்டு வந்து நிண்டா ஆர் போறது, நீங்களோ நானோ?"

"ஒண்டும் சொல்லாமல் விட்டிருக்கலாமெல்லே. பிள்ளை இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். செத்துப்போனான் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லிப் பாத்தனான். 'எப்பிடிச் செத்தது' எண்டு கேக்காத ஆளே இல்லை அக்கா." சுகந்தினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "கம்பஹாவில காமன்ஸுக்குப் போன புதுசில, பக்கத்து மெஷினில ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை. சாப்பாட்டைப் பிரிச்சுத் தாறவள். வீட்டில ஆர் செத்ததெண்டு கேட்டாள். உள்ளதைச் சொன்னன். அவளின்ர அண்ணன் ஆமியில எண்டு எனக்குத் தெரியாது. அடுத்தநாள் மெஷினை மாத்திக்கொண்டு போயிட்டாள். நாங்கள் தங்கியிருந்த போடிங்கில ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. பிறகு வேற போடிங்குக்கு மாறின இடத்தில, இப்பிடி மாத்திச் சொன்னன். கட்டிப் பிடிச்சு அழுதாளவை. அண்டு இரவு எனக்குத் தங்கட பாயைத் தந்தவையள்."

"அதுக்கு என்ர பிள்ளைதானோ உனக்குக் கிடைச்சது?"

"நடக்காத ஒண்டை நான் சொல்லேல்லை. ஆமியின்ர பக்கம் தண்ணிக்குள்ளால வரேக்க, எங்களோட வந்த சிவரூபியக்காவின்ர மகன் விதுசன் என்ர கண்ணுக்கு முன்னால அப்பிடித்தான் செத்தவன். போகாதேங்கோ எண்டு பின்னால நிண்டு எங்கட ஆக்கள் வச்ச வெடி. நீங்களும் அங்கதானே நிண்டனீங்கள். அதையும் ஒருத்தரும் வெளியில சொல்லுறேல்லை. அந்தச் சாவைத்தான் எடுத்துச் சொன்னனான். பொய்யெண்டு முழுசாச் சொல்லாதேங்கோ."

ஜெயரூபி அந்தக் காட்சியை மறந்தவள் அல்ல. விதுசனைத் தூக்க முடியாமல் சிவரூபி தண்ணீருக்குள் இருந்துவிட்டதை அவளும் பார்த்தவள். ஆனால் அந்தச் சாவுக்கு அழ அவனைப் பெற்றவள் இருக்கிறாள்.

"அண்டைக்கு யசவதியம்மாவுக்கு நான் சொல்லச் சொல்ல நீ என்ன சொன்னனி? பங்கரைச் சொன்னன். தண்ணி விடாயைச் சொன்னன். சட்டையைச் சொன்னன்."

சுகந்தினி கதிரையை விட்டு எழும்பப் பார்த்தாள்.

"சொல்லு."

"சட்டையைச் சொன்னனான்" என்றாள் மெதுவாக. "மிச்சம் எல்லாம் மாத்தித்தான்."

அந்த மனுசி தலையில் கை வைத்து அழுத அழுகையை நம்பித்தானே ஜெயரூபி பல இரவு நித்திரை கொண்டாள்! உலகத்தில் ஒரு சீவன், அதுவும் அந்தப் பக்கத்துச் சீவன், தன் பிள்ளையின் சாவை உள்ளபடி கேட்டு அழுதது என்று நினைத்தாளே.

"அப்ப என்ர பிள்ளைக்கு ஆரடி அழுதது?" என்று கேட்டாள். "நயினாதீவில எரிஞ்ச விளக்கு ஆருக்கு எரிஞ்சது?"

"இனி மாத்த ஏலாதக்கா" என்றாள் சுகந்தினி. "அந்த அம்மா உங்களைத் தன்ர கூடப்பிறந்தவள் மாதிரி நினைக்கிறா. அதைக் கெடுக்காதேங்கோ. கெடுத்து ஆருக்கு என்ன லாபம்?"

"அவா நினைக்கிறது என்னை இல்லையே" என்றாள் ஜெயரூபி.

அடுத்த ஞாயிறு அவள் ஷமீலாவிடம் சில சொற்கள் கேட்டாள். விழுந்தது என்பதற்கு, பக்கத்தில் என்பதற்கு, பொய் என்பதற்கு. ஷமீலா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "பொய்க்கு பொரு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, "அக்கா, மொழி வடிவாத் தெரியாத இடத்தில உண்மை சொல்லப் போனா ஏச்சு மாதிரிக் கேக்கும். ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றாள். கதையை அவள் அரைவாசி ஊகித்திருக்க வேண்டும்.

வெசாக் பண்டிகை கழிந்து யசவதி வந்தார். வழக்கம்போல மேசைக்குப் போகாமல் நேரே குசினிக்குத்தான் வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய ஏதோ பலகாரம். "நங்கி", தங்கச்சி, என்று சிரித்தபடி கூப்பிட்டார். பின்னாலேயே சுகந்தினியும் ஓடி வந்து நின்றாள். அவளுடைய கண் அக்காவைக் கெஞ்சியது.

ஜெயரூபி பலகாரத்தை வாங்கவில்லை. அவருக்குக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். இருந்த பிறகு, எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அக்கே, நங்கி பொரு கிவ்வா."

தங்கை பொய் சொன்னாள். யசவதி முதலில் சந்தோசப்பட்டார். சிங்களம்! ஜெயரூபி சிங்களம் கதைக்கிறாள்! கையைத் தட்டி, வாசலில் நின்ற மற்றப் பெண்களைக் கூப்பிடப் பார்த்தார். பிறகுதான் சொன்ன சொல் உள்ளே போனது. சிரிப்பு நின்றது.

ஜெயரூபி தொடர்ந்தாள். என் மகனுக்கு வெடி வைக்கவில்லை. தண்ணீரில் இல்லை. பங்கரில். ஷெல் ஒன்று விழுந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வசனமும் கல்லைப் புரட்டுவது போல வந்தது. வேற்றுமை பிழைத்தது, இடையில் ஒரு சொல் தமிழில் விழுந்தது. ஆனால் விளங்காமல் போகவில்லை. யசவதியின் வாய் மெல்லத் திறந்தது.

"காகெ ஷெல்?" என்றார். யாருடைய ஷெல்?

பின்னால் சுகந்தினி தமிழில், "அக்கா, தெரியாதெண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள்.

"ஹமுதாவே" என்றாள் ஜெயரூபி. ஆமியினுடையது. அந்தச் சொல்லை வன்னியில் யாரும் வகுப்பில் படிக்க வேண்டியதில்லை.

குசினிக்குள் சொதி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை. யசவதி ஜெயரூபியைப் பார்த்தார், சுகந்தினியைப் பார்த்தார். "எய் துவே மட்ட பொரு கிவ்வெ?" ஏன் மகளே எனக்குப் பொய் சொன்னாய் என்று, அதட்டலாக அல்ல, நம்ப முடியாமல் கேட்டார். அந்த ஒரு கணம் ஜெயரூபிக்கு அந்த மனுசி மிகவும் கிட்ட நின்ற மாதிரி இருந்தது. ஒரே ஆள் இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவள் யசவதியின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

யசவதி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"மகெ புத்தா எஹெம கெனெக் நெவெயி" என்றார். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை.

உன் மகன் என்று நான் சொல்லவில்லையே, என்று சொல்ல ஜெயரூபி தவித்தாள். உன் மகனைத் தெரியாது, அவனும் யாரோ அனுப்பப் போனவன்தானே, அவனுக்காக நானும் அழுதேனே. இவ்வளவும் தமிழில் தொண்டைவரை வந்து நின்றது. சிங்களத்தில் அவளிடம் இருந்தவை விழுந்ததும் உடைந்ததும் பொய் சொன்னதும்தான். திரும்பிச் சுகந்தினியைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மொழிபெயர்த்திருப்பாள். தங்கையின் வாயும் அதற்குத் தயாராகத் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்ததும் ஜெயரூபிக்குக் கேட்க மனம் வரவில்லை.

யசவதி எழும்பினார். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து வானில் ஏறினார். அந்த வானில் வந்த ஒருவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பலகாரம் கதிரையிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து சுகந்தினி முன்னுக்கு நிற்பதில்லை. யாரும் சொல்லாமலே குசினிக்குள் போய்விட்டாள். ஜெயரூபி மேசைகளுக்கு வந்தாள். சுகந்தினியின் கறிக்குக் கைப்பதம் போதாது. ஜெயரூபியின் சிங்களத்துக்கும் அப்படித்தான். வருகிற சனம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்பவர்களுக்கு, "ஒருவன். ஷெல் விழுந்து மெருணா" என்று அவளே சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். சிலர் கதையை மாற்றினார்கள். ஒரு இளந்தாரி மட்டும் சாப்பாட்டை நிறுத்தி, பெயர் என்ன என்று கேட்டான். சொன்னாள். குசினி வாசலுக்குப் பெண்கள் வந்து தோளைத் தொடுவது மட்டும் அடியோடு நின்றுவிட்டது. அது அவளுக்கு இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அக்கா தங்கை இருவரும் ஒரே கூரைக்குள்தான் இருந்தார்கள். அரிசி முடிந்தது, காஸ் முடிந்தது என்று கதைத்தார்கள். அதற்கு மேல் ஜெயரூபியால் முடியவில்லை. சில வேளைகளில் சுகந்தினி தன் பாட்டில் அழுவது கேட்கும். பாவம் என்று இருக்கும். கம்பஹாவில் அந்த வெறுப்புக்கும் பயத்துக்கும் நடுவில் தங்கை எப்படித் தனியாக இருந்திருப்பாள் என்று இருக்கும். எழும்பிப் போகலாம் என்று நினைக்கும்போது, பங்கரையும் தண்ணீர் விடாயையும் தான் விக்கி விக்கிச் சொல்ல, பக்கத்தில் நின்று தங்கை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் காதில் விழும். அப்போதெல்லாம் அந்தக் குரல் ஒரு இடத்திலும் தடங்கவில்லை என்பது நினைவுக்கு வரும். எழும்ப மாட்டாள்.

மழைக்கு முன் ஒருநாள் கல்கமுவ வான் திரும்ப வந்தது. கடையில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, தேமாமர நிழலில் நின்றது. டிரைவர் மட்டும் இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தல் வாங்கினான். அந்த அம்மாவும் வந்திருக்கிறாவா என்று ஜெயரூபி கேட்டாள். பின் ஆசனத்தில் என்று அவன் தலையசைத்தான்.

ஜெயரூபி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வகுப்பில் இப்போது கனதூரம் போயிருந்தார்கள். உன் மகனை நான் குறை சொல்லவில்லை என்று பிழையில்லாமல் சொல்ல அவளுக்குத் தெரியும். வான் கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றாள். உள்ளே திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை மங்கலாகத் தெரிந்தது. "அக்கே" என்று கூப்பிட்டாள். கண்ணாடியை விரலால் தட்டினாள். சேலை அசைந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. டிரைவர் வந்து ஏறினான். வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வடக்கே போனது.

கடை வாசலில் சுகந்தினி நின்றாள். கையில் அகப்பை. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"திரும்பி வரேக்க மறிப்பம்" என்றாள் தயங்கித் தயங்கி. "நான் வேணுமெண்டால் கதைச்சுப் பாக்கட்டேக்கா? நான் சொன்னா அவா கேப்பா."

"நீ இவ்வளவு காலமும் சொன்னது காணும்" என்றாள் ஜெயரூபி.

அடுத்த பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவள் மேசைகளைத் துடைக்கப் போனாள்.